கோயிலுக்கும் வீட்டுக்கும் ஊருக்கும் ஆளாக நிற்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஊர்களில் பிறந்து வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கும், ஊரிலேயே இருந்தும் நேரமில்லை நேரமில்லை என்று ஓடிக்கொண்டிருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நாசரேத், மெஞ்ஞானபுரம், முதலூர், சாயர்புரம், இடையன்குடி, டோனாவூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் இப்போது நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். கோயில் (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) பெரிது, கோபுரம் உயரம், சபை விருந்தான அசனத்துக்குக் கூட்டம் தாங்காது, ஆனால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் வயசான ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் கிடையாது. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், துபாய். பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்குகிறது.

பணத்துக்குக் குறைவில்லை. காணிக்கை கூகுள் பே-யில் வந்துவிடுகிறது, மண்டபம் கட்டியாகிவிட்டது, ஏசி போட்டாகிவிட்டது. குறைகிறது ஆள். அதிலும் நிகழ்ச்சியன்று வருகிற ஆளுக்குப் பஞ்சமில்லை, அதற்கு முந்தின நாளும் அடுத்த வாரமும் வருகிற ஆளுக்குத்தான் பஞ்சம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த முந்தின நாளையும் அடுத்த வாரத்தையும் பற்றியதுதான்.

கொஞ்சம் பழைய கதை. இந்த ஊர்களில் பல தானாக உண்டானவை அல்ல. புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களுக்குச் சொந்த ஊரில் இருக்க முடியாத அளவு நெருக்கடி வந்தபோது நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்கள். முதலூர் 1799-ல் அப்படித்தான் உண்டானது. ரேனியஸ் ஐயர் என்ற மிஷனெரி 1830-ல் தொடங்கிய தர்ம சங்கம் இதற்கென்றே நிலம் வாங்கியது. உறவை விட்டு வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் அண்ணன் தம்பி, கோயில்தான் பெரிய வீடு. அப்படி ஒருவரை ஒருவர் நம்பி உட்கார்ந்த இடம் என்பதால்தான், ஒரு கல்யாணத்துக்கோ துட்டிக்கோ (சாவுக்கோ) வராமல் போனால் இன்றைக்கும் அவ்வளவு மனத்தாங்கல்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: ஒரு நோட்டு எடுத்துப் பேர் எழுதுங்கள்

போனில் வேண்டாம், நோட்டில். மூன்று பக்கம் போதும். முதல் பக்கத்தில் வீடு: அப்பா, அம்மா, மாமனார், மாமியார், கல்யாணமாகாத சித்தி, பிள்ளையில்லாத பெரியப்பா, இப்படி உங்களை விட்டால் வேறு ஆள் இல்லாதவர்கள். இரண்டாம் பக்கத்தில் சபை: உங்கள் பெஞ்சுக்கு முன்னும் பின்னும் உட்காருகிறவர்கள், உங்களுக்கு ஞாயிறு பள்ளி எடுத்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள். மூன்றாம் பக்கத்தில் தெரு: இதில் எந்த மதம், எந்தச் சாதி என்று பார்க்காமல் வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற வீடுகள்.

மொத்தம் பதினைந்து வீட்டுக்கு மேல் போக வேண்டாம். ஊர் முழுக்கவும் வேண்டியவராக இருக்க ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் யாருக்கும் உதவாமல் எல்லா வீட்டிலும் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். அரசியலில் நிற்கிறவர்களுக்கு அது சரிப்படும், நமக்கு வேண்டாம். (திருமண்டலம் என்கிற சபை நிர்வாகத்துக்குத் தேர்தல் வருகிற வருஷம் மட்டும் எல்லாத் துட்டிக்கும் முதல் ஆளாக வந்து நிற்கும் அண்ணாச்சிகளை உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.)

ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் இரண்டு தகவல் எழுதுங்கள். இந்த வீட்டுக்கு என்ன நாள் கனமான நாள்? கணவர் இறந்த தேதி, மகன் விபத்தில் போன மாதம், இப்படி. அப்புறம், இவர்களுக்கு என்ன வேலைக்கு ஆள் தேவைப்படும்? ஒருவருக்குப் பாங்கு, ஒருவருக்குக் கண் ஆஸ்பத்திரி, ஒருவருக்குப் பென்ஷன் நேர்காணல். நம் ஊர்களில் ஓய்வு பெற்ற வாத்தியார்களும் டீச்சர்களும் நிறைய என்பதால் இந்தக் கடைசிச் சங்கதி அடிக்கடி வரும். கைரேகை மிஷினில் வயசானவர்களின் ரேகை எளிதில் விழாது, அவர்கள் அங்கே தனியாக நின்று தவிப்பார்கள். கூட ஒரு ஆள் நின்றால் போதும், பாதிப் படபடப்பு அடங்கிவிடும்.

படி 2: எதற்கு முதலிடம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்

என் வரிசை இது: துட்டி முதலில், ஆஸ்பத்திரி இரண்டாவது, கல்யாணம் மூன்றாவது, பண்டிகை நான்காவது, திறப்பு விழா, பிறந்தநாள், புதுமனை புகுவிழா எல்லாம் அதற்கப்புறம். ஒரே நாளில் கல்யாணமும் துட்டியும் வந்தால் துட்டிக்குப் போய்விட்டு, முடிந்தால் குளித்து உடை மாற்றிச் சாயந்தரம் வரவேற்புக்குப் போங்கள். விருந்து வீட்டைவிடத் துக்க வீட்டுக்குப் போவது நலம் என்று பிரசங்கி புத்தகம் சொல்வதை நாம் கல்லறைத் தோட்டத்தில் வாசிக்கிறதோடு விட்டுவிடுகிறோம்.

வெளியூரில் இருக்கிறவர்கள் இதை இன்னும் கறாராகச் செய்ய வேண்டும். வருஷத்தில் உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து லீவுதான். அதில் எல்லாவற்றையும் கிறிஸ்மஸிலேயே செலவழித்துவிட்டால் பிப்ரவரியில் பெரியம்மாவுக்கு ஆப்பரேஷன் என்றதும் கையைப் பிசைய வேண்டியதுதான். ஒரு லீவை யாருக்கென்றும் சொல்லாமல் ஒதுக்கிவையுங்கள்.

படி 3: ஞாயிறை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்

இரண்டாம் மணி அடிக்கும்போது பெஞ்சில் இருங்கள். பிரசங்கம் ஆரம்பிக்கும் நேரம் பார்த்து வந்து, ஆசீர்வாதத்துக்கு முன்னால் பைக்கை எடுக்கிற வழக்கம் இருந்தால் அதை இந்த வாரமே விடுங்கள். ஐயர் (போதகர்) கோபிப்பார் என்பதற்காகச் சொல்லவில்லை. அப்படி வந்து போனால் இரண்டு முக்கியமான விஷயம் உங்கள் காதுக்கு எட்டாது.

ஒன்று, அறிக்கை. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் நினைவு ஸ்தோத்திரம், யாருடைய கல்யாண ஓலை வாசிக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் வரும். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது தடை இருக்கிறதா என்று கேட்கிறதற்குத்தான், ஆனால் அந்த மூன்று வாரமும் காதில் விழுந்தால் அந்த வீட்டில் என்ன வேலை ஓடுகிறது, எங்கே ஆள் வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நிற்கிற அந்தப் பத்து நிமிஷம். இதுதான் உண்மையான அறிக்கை நேரம். "மைனி, அத்தானுக்குச் சுகர் எப்படி இருக்கு?" "இப்ப பரவாயில்ல, கால்ல புண்ணுதான் ஆற மாட்டேங்கு." இந்த ஒரு வரிக்காகத்தான் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதிவிடுங்கள், வியாழக்கிழமை போன் போட்டுப் புண் எப்படி என்று கேளுங்கள். ஞாபகம் வைத்துக் கேட்டார்கள் என்பதையே அவர்கள் பத்துப் பேரிடம் சொல்வார்கள்.

மாதத்தில் ஒரு முறை திருவிருந்து முடிந்ததும் ஐயர் படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோவார். பெரும்பாலும் சபை ஊழியரும், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டியும் மட்டும்தான் கூடப் போவார்கள். நானும் வரட்டுமா ஐயா என்று கேளுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அந்த அம்மாவுக்குத் தெரிந்த பழைய கீர்த்தனை ஒன்றை மெதுவாகப் பாடினால் போதும். பேச்சு தடுமாறிப் போனவர்கள்கூடப் பாட்டில் சேர்ந்துகொள்வதைப் பார்க்கலாம்.

பிள்ளைகளை ஞாயிறு பள்ளியில் இறக்கிவிட்டுவிட்டு நீங்கள் கறிக்கடைக்குப் போவது வசதிதான். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது உள்ளே உட்காருங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

படி 4: துட்டி வீடு

இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு மெழுகுவர்த்திப் படமும் "ஆழ்ந்த இரங்கல்"லும் போட்டுவிட்டால் முடிந்தது என்று ஆகிவிட்டது.

சேதி கேட்டதும் போங்கள். என்ன பேசுவது என்று தெரியாததால் போகாமல் இருப்பவர்கள் பலர். பேச ஒன்றும் வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "கர்த்தருக்குச் சித்தம்", "நல்ல சாவு", "இவ்வளவு வயசு வரைக்கும் இருந்தாங்களே" இவையெல்லாம் சொல்லாமல் இருந்தால் நல்லது. எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, ஏன் மதுரைக்குக் கொண்டுபோகவில்லை என்று விசாரணை நடத்தாதீர்கள். அந்தக் கதையை அவர்கள் காலையிலிருந்து நூறு பேருக்குச் சொல்லித் தொண்டை வறண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேலை பாருங்கள். துட்டி வீட்டில் யார் சொல்லியும் நடக்காத, யாராவது செய்தே ஆக வேண்டிய வேலை ஏராளம். பந்தல்காரருக்கும் நாற்காலிக்கும் சொல்வது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, கருப்பட்டிக் காப்பி போட்டு டம்ளரில் கொடுப்பது, ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இழுத்திருக்கும் ஒயரில் யாரும் தடுக்கி விழாமல் பார்ப்பது, அடக்க ஆராதனை எத்தனை மணிக்கு என்று ஐயரிடமும் கோயிலில் மணி அடிக்கிறவரிடமும் உறுதி செய்வது, கல்லறைத் தோட்டத்தில் குழி எந்த இடம் என்று குடும்பத்தில் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டுவது, சென்னையிலிருந்து வருகிறவர் வண்டி கோவில்பட்டி தாண்டியதா என்று போனில் கேட்டுக்கொண்டிருப்பது. இதில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசிவரைக்கும் விடாமல் செய்யுங்கள். எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிற ஆள் ஏற்கெனவே எட்டுப் பேர் இருப்பார்கள்.

அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளை யாரும் கவனிக்க மாட்டார்கள். அவர்களைக் கூட்டிப் போய் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்து, குளிப்பாட்டி, திரும்பக் கொண்டுவந்து அவர்கள் அம்மா பக்கத்தில் உட்கார வைக்கிற சித்தியோ அத்தையோதான் அன்றைக்கு அந்த வீட்டுக்கு மிகப் பெரிய துணை.

கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். சும்மா எழுந்து வந்துவிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. மூன்றாம் நாள் ஜெபம் வரைக்கும் வீட்டில் கூட்டம் இருக்கும். அதற்கப்புறம் வெளியூர் ஆட்கள் போய்விடுவார்கள், பந்தலைப் பிரித்துவிடுவார்கள், வாடகை நாற்காலி போய்விடும். பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் போங்கள். சாயந்தரம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போங்கள், தனியாக இருக்கிறவர்களுக்கு அந்த நேரம்தான் தாங்க முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப பென்ஷன் விண்ணப்பம் இவற்றுக்கெல்லாம் அலைய வேண்டியது இந்தச் சமயத்தில்தான். தாலுகா ஆபீஸுக்குக் கூடப் போக ஒரு நாள் லீவு போட்டால், அடக்கத்தன்று நீங்கள் வைத்த மாலையைவிட அது பெரிது. அப்புறம் முதல் கிறிஸ்மஸ். இறந்தவர் இல்லாமல் வருகிற முதல் கிறிஸ்மஸில் அந்த வீட்டில் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். முந்திரிக்கொத்தும் அதிரசமும் உங்கள் வீட்டிலிருந்து போகட்டும், கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

படி 5: அசனத்துக்கு முந்தின ராத்திரி வாருங்கள்

அசனம் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது பந்தி. இலையில் ஆவி பறக்கும் சோறு, கறிக்குழம்பு, எல்லா மதத்தாரும் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற அந்தக் காட்சி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காரை நிறுத்தி, சாப்பிட்டு, ஒரு தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் சபையோடு சேர்ந்து இருப்பது முந்தின நாள் ராத்திரிதான் நடக்கும்.

சாக்குச் சாக்காகச் சின்ன வெங்காயம் கொட்டிக் கிடக்கும், சுற்றி வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். கண்ணெரிச்சலில் எல்லார் கண்ணும் கலங்கியிருப்பதால் யார் எதற்கு அழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனாலேயே அங்கே மனசு விட்டுப் பேசுவார்கள். இன்னொரு பக்கம் தேங்காய் துருவுகிறவர்கள், இஞ்சி பூண்டு அரைக்கிறவர்கள், கறி வெட்டுகிற ஆண்கள். அடுப்புக்குப் பள்ளம் தோண்டி உடைமர விறகு அடுக்கியிருப்பார்கள். விடியக்காலம் அண்டா ஏற்றி, ஆள் உயரத் துடுப்பை இரண்டு பேர் பிடித்துக் கிண்டும்போது புகை ஒரு பக்கம் அடிக்கும், நாலு பையன்கள் இடம் மாறி மாறி ஓடுவார்கள், தலைமைச் சமையல்காரர் உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு நக்கிப் பார்த்து "உப்பு வரட்டும்" என்பார். வடித்த சோற்றைப் பாயின் மேல் துணி விரித்துக் குவிக்கும்போது அந்தச் சூட்டில் முகம் வேகும்.

அன்றைக்கு இன்ஜினியரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் ஒரே மணையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். வருஷம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பங்காளிகள் ஒரே வாளியைப் பிடித்துத் தூக்க வேண்டி வரும். சமாதானக் கூட்டம் போட்டு ஆகாதது அந்த வாளியில் ஆகிவிடுகிறது, எப்போதும் இல்லை, சில சமயம்.

நீங்கள் புதிதாக வருகிறவர் என்றால் பரிமாறுகிற வேலைக்குப் போட்டி போடாதீர்கள். அதற்கு இளவட்டங்கள் ஏற்கெனவே வாளியோடு நிற்பார்கள். இலை எடுக்கிற வேலைக்குப் போங்கள், அல்லது பாத்திரம் விளக்குகிற இடத்துக்கு. அங்கே ஆளே இருக்காது, யாரும் உங்களை விரட்டவும் மாட்டார்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கும் இதே கதைதான். வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய், கோழி, கருப்பட்டி என்று கொண்டுவந்து வைத்திருப்பார்கள், ஆராதனை முடிந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிட்டால் கேட்கிறதுக்கு மூணு பேர் நின்று ஏலம் சூடு பிடிக்காது. நின்று ஒரு முட்டையையாவது ஏலம் கேளுங்கள். நூறு ரூபாய்க்கு ஒரு முட்டையா என்று வீட்டில் திட்டுவார்கள், திட்டட்டும்.

படி 6: வீடு

இதைச் சின்னதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்ததுதான், செய்யாததுதான் குறை.

ராத்திரி குடும்ப ஜெபம் பத்து நிமிஷம் போதும். ஒரு பாட்டு, ஒரு சின்னப் பகுதி, ஒவ்வொருவரும் ஒரு வரி. அரைமணி நேரம் இழுத்தால் பிள்ளைகள் தூங்கிவிழும், அடுத்த நாள் ஜெபமே இருக்காது. போன்கள் எல்லாம் ஒரு தட்டில் வேறு அறையில் இருக்கட்டும், அப்பாவுடைய போனும் சேர்த்து. பிள்ளைகள் தங்களுக்கென்று ஜெபிக்கிற அந்த ஒரு வரியில்தான் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியவரும். "மேத்ஸ் மிஸ் மாறணும்" என்று ஒரு பிள்ளை ஜெபித்தால் அதைத் திருத்தாதீர்கள், மறுநாள் ஆற அமரக் கேளுங்கள்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குத் தினமும் ஒரே நேரத்தில் போன் பண்ணுங்கள். அஞ்சு நிமிஷம் போதும், ஆனால் நேரம் மாறக்கூடாது. எட்டு மணிக்குப் பேசுகிற மகன் எட்டேகாலுக்கும் எடுக்கவில்லை என்றால் அவர்கள் தேடுவார்கள், அவர்கள் எடுக்கவில்லை என்றால் நீங்கள் பக்கத்து வீட்டுக்குச் சொல்வீர்கள். அந்தப் பக்கத்து வீட்டு நம்பர் உங்களிடம் இருக்கிறதா? இப்போதே வாங்குங்கள். மாத்திரைப் பெட்டியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்மஸுக்கு மட்டும் போவதாக இருந்தால் அது அவர்களுக்கு வேலை கூடுகிற நாள், நீங்கள் கூட இருக்கிற நாள் இல்லை. அம்மா அடுப்படியிலேயே நிற்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் ஒரு சாதாரண வாரக் கடைசியில் போங்கள். அப்பா டாக்டரிடம் காட்டப் போகிற தேதியாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது.

கிறிஸ்மஸுக்கும் போகத்தான் போகிறீர்கள் என்றால் டிக்கெட் விஷயத்தில் தூங்காதீர்கள். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, பயண நாளைச் சேர்க்காமல். அப்படியென்றால் டிசம்பர் 23 டிக்கெட் அக்டோபர் 24 காலை 8 மணிக்குத் திறக்கும். செந்தூர், நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்களில் படுக்கை சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். தட்கல் முந்தின நாள், ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. தட்கலை நம்பிக் குடும்பத்தோடு கிளம்புவது தைரியசாலிகள் வேலை. பஸ்காரர்கள் அந்த வாரத்தில் கேட்கிற காசுக்கு ஊரில் இரண்டு வீட்டுக்குப் புதுத்துணி எடுத்துவிடலாம்.

ஊருக்குப் போன பிறகு, ராத்திரியில் வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள், ஒரு ராத்திரியாவது நீங்களும் நடங்கள். விடிய விடியத் தொண்டை கட்டப் பாடுவது பெரிசில்லை. எந்த வீட்டில் ஒற்றை ஆளாக ஒரு ஆச்சி உட்கார்ந்து, ரவுண்ட்ஸ் வரும் என்று தூங்காமல் வாசல் விளக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் பார்க்கட்டும்.

படி 7: ஊர் என்றால் கோயில் மதிலோடு முடிவதில்லை

2023 டிசம்பர் 17, 18 மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப் போயிருந்தது. பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டிலிருந்த அரிசி பருப்பைக் கொண்டுவந்து, ஊர் அம்மன் கோயிலில் சமைத்து, முகம் தெரியாத பயணிகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும் வெள்ளம்தான். வெளியிலிருந்து உதவி அதற்கப்புறம்தான் வந்தது. பெரிய கஷ்டத்தில் முதல் இருபத்துநாலு மணி நேரம் பக்கத்தில் இருக்கிறவர் மட்டும்தான் உதவ முடியும், அது எந்த ஊரானாலும்.

அதனால் மழைக்காலத்துக்கு முன்னால் உங்கள் தெருவில் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். யார் வீடு தாழ்வு, யாருக்கு மாடி இருக்கிறது, யார் வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், கோயில் மண்டபத்துச் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கும். சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் இன்னொரு சாவி போடச் சொல்லி கமிட்டியில் கேளுங்கள்.

பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு உங்கள் நண்பர் கூப்பிட்டால் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பூசையில் சேருவது சேராதது உங்கள் மனசாட்சி. அவர் உங்கள் அசனத்துக்கு வருகிறார் இல்லையா? பாய் வீட்டு நோன்புக் கஞ்சியை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வதோடு விடாமல் பெருநாளன்று நேரில் போங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். நம் ஊர்களில் துட்டிக்கும் கல்யாணத்துக்கும் 'நம்ம ஆட்கள்' வீடா என்று பார்த்துக் கால் தூக்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி நடக்கிற சாவுக்குச் சபை ஊழியரை மட்டும் அனுப்புகிற சபைகள் இருக்கின்றன. நீங்கள் முதல் படியில் எழுதிய நோட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் பக்கத்துப் பேர்கள் எல்லாம் ஒரே தெருவிலிருந்து வந்திருந்தால் இன்னும் நாலு பேர் சேர்க்க வேண்டும்.

படி 8: வர முடியாதவர்கள் என்ன செய்வது

வெளிநாட்டில் இருக்கிறீர்கள், அல்லது ஷிப்டு, அல்லது உடம்புக்கு முடியவில்லை. நர்ஸ், போலீஸ், டிரைவர் வேலையில் இருக்கிறவர்களை ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று குத்திக் காட்டுவது அநியாயம். அவர்கள் வேலையே நாலு பேருக்குத் துணையாக நிற்கிற வேலை.

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், ஒரு முறைகூட நாடு திரும்பாமல் 1951-ல் இங்கேயே இறந்தார். அதில் கடைசி இருபது வருஷம், 1931-ல் குழியில் விழுந்து அடிபட்ட பிறகு, பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். பிள்ளைகள் அவரைத் தேடி அறைக்கு வந்தார்கள், அவரிடமிருந்து சீட்டும் கடிதமும் வெளியே போய்க்கொண்டே இருந்தன. அவர் கல்லறையில் பேரும் தேதியும் எழுதிய கல் இல்லை, பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியும் தாயைக் குறிக்கிற ஒரு சொல்லும்தான் இருக்கின்றன.

நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். தூரத்தில் இருந்தால் இதைச் செய்யுங்கள்: அடக்க ஆராதனையை லைவில் பார்த்தீர்கள் என்றால் பார்த்தேன் என்று அன்றைக்கே சொல்லாமல், ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுப் பேசுங்கள். குரூப்பில் போடாமல் அந்த ஒருவருக்குத் தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். பணம் அனுப்பினால் இதற்கு என்று சொல்லி அனுப்புங்கள், "ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆட்டோவுக்கு" என்று. உங்கள் தம்பியையோ பள்ளிக்கூட நண்பனையோ உங்களுக்குப் பதிலாகப் போகச் சொல்லி, "அண்ணன் அனுப்பினாங்க" என்று அவன் வாயால் சொல்ல வையுங்கள். லீவில் வந்ததும், மாலுக்குப் போவதற்கு முன்னால், உங்களால் வர முடியாமல் போன வீடுகளுக்கு முதலில் போங்கள். எட்டு மாசம் ஆகிவிட்டது, இனிமேல் எதற்கு என்று நினைக்க வேண்டாம். நம் ஜனங்கள் துக்கம் விசாரிக்க வருகிறவர்களைத் தேதி பார்த்து அனுப்புவதில்லை.

படி 9: எங்கே நிறுத்துவது

இந்த வழிகாட்டியை வாசித்துவிட்டு வீட்டில் சண்டை இழுக்கிறவர்கள் இருப்பார்கள் என்பதால் இதுவும் வேண்டும். கமிட்டி, கன்வென்ஷன், பாடகர் குழுப் பயிற்சி, விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), இளைஞர் முகாம் என்று வாரத்தில் ஐந்து ராத்திரி வெளியே இருக்கிற அப்பா சபைக்கு ஆளாக இருக்கிறார், வீட்டுக்கு இல்லை. அவர் பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை பின் பெஞ்சில் தனியாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எல்லாரும் அவரிடம் "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு ஊழியம் பண்றாங்க" என்பார்கள்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரிக்கு மேல் கோயில் வேலை வேண்டாம். பொறுப்பு ஒன்று எடுத்தால் இன்னொன்றை விடுங்கள். மூன்று வருஷம் ஞாயிறு பள்ளி எடுத்தவர் ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து பாட்டுப் பாடட்டும், சபை கவிழ்ந்துவிடாது. முடியாது என்று சொல்லும்போது நீட்டி முழக்காமல், "ஐயா, இந்த வருஷம் முடியாது, அசனத்துக்கு ராத்திரி வேலைக்கு வந்துடுறேன்" என்று முடியக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கு இது ரெட்டிப்பாகப் பொருந்தும், அவர்கள் கோயிலிலும் சமைத்துவிட்டு வீட்டிலும் வந்து சமைக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் மற்றவர்கள் சமைக்கட்டும்.

படி 10: ரொம்ப நாள் போகாதவர்கள் திரும்பப் போவது எப்படி

கிறிஸ்மஸ், ஈஸ்டர், பெரிய கூட்டம் உள்ள நாள் வேண்டாம். கூட்டம் குறைந்த ஒரு ஞாயிறாகப் பாருங்கள், ஜனவரி கடைசி, ஜூன் நடுவில், இப்படி. சங்கக் காணிக்கை (சபைச் சந்தா) பாக்கி இருக்கிறதே என்று கூச்சப்பட்டு நிற்காதீர்கள், அதைச் சபை ஊழியரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். வாசலிலேயே யாராவது ஒரு பெரியம்மா "எங்கய்யா, ஆளையே காணோம்?" என்று சத்தமாகக் கேட்பார்கள், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். விளக்கம் கொடுக்க வேண்டாம். "வந்துட்டேன்லா பெரியம்மா, கால்வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டால் அடுத்த பத்து நிமிஷத்துக்கு அவர்கள்தான் பேசுவார்கள்.

உள்ளே போய் நடுவில் உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் சாயந்தரக் கூட்டத்துக்குப் பெஞ்சு மாற்றிப் போட வேண்டியிருக்கும், கோயில்குட்டி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்.